இறக்கைப் பக்கத்து ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து பயந்தவர்கள் வரிசையாக வரவும்

ஜன்னலோரம்:
போன மாதம் அம்மாவை முதல் தடவையாக விமானத்தில் அழைத்துப் போனேன். கோலாலம்பூரிலிருந்து பினாங்கு. அம்மாவுக்கு அது எப்போதும் "கப்பல்"தான். மலாய்க்காரர்களும் காப்பால் தெர்பாங், பறக்கும் கப்பல், என்றுதானே சொல்கிறார்கள்! எங்களுக்குக் கிடைத்தது இறக்கைக்குச் சற்றுப் பின்னால் உள்ள வரிசை. பினாங்கு விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸை நெருங்கும்போது நல்ல மழை. திடீரென்று அடியிலிருந்து ஓர் உறுமல். இறக்கையின் பின்பகுதி நீண்டு கீழே சரிந்தது. நடுவில் விழுந்த இடைவெளி வழியாகக் கடல் தெரிந்தது. "ஐயோ, றெக்கை கழண்டுடுச்சு!" என்று அம்மா பிடித்த பிடியில் என் கையில் நகம் பதிந்துவிட்டது. அப்புறம் இறக்கைக்கு மேலே வெள்ளையாகப் புகை. தரையைத் தொட்டதும் மேல்பக்கம் நாலைந்து பலகைகள் விறைத்து நின்றன. "ஒண்ணுமில்லம்மா" என்றேன். உண்மையில் எனக்கும் ஒன்றும் தெரியாது. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

பழைய ஸ்பேனர்:
சுபாங் விமான நிலையத்தில் பல வருடம் விமானப் பராமரிப்பு வேலை பார்த்தவன். அம்மாவிடம் சொல்லுங்கள், கழன்றது இல்லை, நீட்டியது. அதன் பெயர் ஃபிளாப். இறக்கையின் தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் தூக்குவிசை கால்பங்காகிவிடும். இறங்கும்போது மெதுவாகத்தான் வர வேண்டும். அதனால் இறக்கையைப் பெரிதாக்கி, வளைவையும் கூட்டுகிறோம். அந்த இடைவெளியும் தெரிந்தே வைத்ததுதான். அடியில் உள்ள காற்று அந்தச் சந்து வழியாக மேலே பாய்ந்து, அங்கே களைத்துப்போன காற்றுக்குத் தெம்பு கொடுக்கும். இல்லாவிட்டால் அது ஃபிளாப்பை விட்டுப் பிய்த்துக்கொண்டு போய்விடும்.

புகை புகையே இல்லை. இறக்கையின் மேல்பக்கம் அழுத்தம் குறைகிறது, காற்று சட்டென்று குளிர்கிறது, நம் ஊர்க் காற்றில் இருக்கிற ஈரம் மேகமாகிவிடுகிறது. விறைத்து நின்ற பலகைகள் ஸ்பாய்லர். தூக்குவிசையைக் கெடுத்து எடை முழுவதையும் சக்கரத்தின் மேல் இறக்கும். அப்போதுதான் பிரேக் பிடிக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீட்டி வைத்திருந்த ஃபிளாப்பின் விளிம்பில் நெற்றியை இடித்துக்கொண்டேன். தழும்பு இன்னும் இருக்கிறது.

சுண்ணாம்புக்கட்டி:
அண்ணன் விளக்கியாயிற்று. நான் ஒரு பாவத்தை ஒப்புக்கொண்டு போகிறேன். இயற்பியல் ஆசிரியர் நான். இறக்கையின் மேல்பக்கம் வளைவு, பாதை நீளம்; அதனால் மேலே போகும் காற்று வேகமாக ஓடிக் கீழே போகும் காற்றோடு பின்விளிம்பில் ஒரே நேரத்தில் சேர்ந்துகொள்ளும் என்று வருடக்கணக்காகப் பாடம் நடத்தினேன். படிவம் 4 மாணவன் ஒருவன் லங்காவியில் நடக்கும் லீமா விமானக் கண்காட்சிக்குப் போய்விட்டு வந்து, "சார், அங்க பிளேன் தலைகீழாப் பறந்துச்சே. அப்போ அது கீழதானே விழணும்?" என்றான். வகுப்பே என்னைப் பார்த்தது. "அடுத்த வகுப்பில் பார்ப்போம்" என்று நழுவினேன்.

அன்று இரவு தேடிப் படித்தபோதுதான் உறைத்தது. மேலே போன காற்றும் கீழே போன காற்றும் மறுபடி சந்திப்பதாக ஒப்பந்தம் எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. காற்றுச் சுரங்கத்தில் புகை விட்டுப் பார்த்தால் மேலே போனது முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடுகிறது. மேலே வேகம் அதிகம், அழுத்தம் குறைவு என்பது உண்மை. நான் சொன்ன காரணம்தான் பொய். இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது, காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. அழுத்தத்தைப் பேசும் பெர்னோலியும் விசையைப் பேசும் நியூட்டனும் ஒரே நிகழ்வைத்தான் இரண்டு பக்கமிருந்து சொல்கிறார்கள். தலைகீழாகப் பறக்கிறவர் மூக்கைக் கொஞ்சம் கூடுதலாக உயர்த்திப் பிடித்து, காற்றை அப்போதும் கீழேயே திருப்புகிறார்.

மறுநாள் பள்ளி மண்டபத்திலிருந்த பெரிய காற்றாடியின் முன்னால் கெட்டி அட்டையைப் பிடிக்கச் சொன்னேன். கொஞ்சம் சாய்த்தால் அட்டை மேலே எழும்பியது. மேலும் சாய்த்தால் இன்னும் எழும்பியது. ஓர் அளவைத் தாண்டியதும் நடுங்கிப் பின்னால் தள்ளியது. அதுதான் ஸ்டால்; காற்று மேல்பக்கத்தை விட்டுப் பிரிந்து தூக்குவிசை சரிந்துவிடுவது. சாதாரண இறக்கைகளுக்கு அந்தக் கோணம் ஏறக்குறைய 15 பாகை. கேள்வி கேட்ட பையனுக்கு மைலோ வாங்கிக் கொடுத்தேன்.

கடைசி வரிசை:
எனக்குப் பயம் இல்லை, கோபம். சுபாங்கிலிருந்து ஏடிஆர் என்ற சின்ன பயணி விமானம், பாதி சீட்டு காலி. நாங்கள் நாலு பேரும் பின்னால் கால் நீட்டி உட்கார்ந்த நேரத்தில் பணிப்பெண் வந்து முன்னால் போகச் சொன்னார். மாமா சண்டைக்கே போய்விட்டார். இறங்கும்போது பார்த்தால் வாலுக்கடியில் ஒரு கம்பு முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள்! அந்த விமானத்தில் ஏறும் கதவு பின்னால்தான். எல்லாரும் அங்கேயே குவிந்தால் மூக்கு தூக்கிக்கொள்ளுமாம். பறக்கும்போது எடை பின்னால் போவது இன்னும் மோசம். எடை முன்னால் இருந்தால், காற்றில் மூக்கு தூக்கினாலும் தானாகப் பழைய நிலைக்கு வரும். வாலே இல்லாத பட்டத்தைப் பினாங்கு பாடாங் கோத்தா திடலில் விட்டுப் பாருங்கள், சுற்றிச் சுற்றித் தரையில் குத்தும். கிட்டத்தட்ட அதே கதைதான்.

பயிற்சி மணி 11:
சின்ன விமானத்தில் பயிற்சி எடுக்கிறேன். ஸ்டால் என்பதை அட்டையில் பார்ப்பது வேறு, உள்ளே உட்கார்ந்து அனுபவிப்பது வேறு. பயிற்றுநர் இன்ஜின் விசையைக் குறைத்தார். உயரம் குறையாமலிருக்க நான் மூக்கை உயர்த்திக்கொண்டே போனேன். எச்சரிக்கைச் சத்தம் கத்தியது, உடம்பெல்லாம் அதிர்ந்தது, மூக்கு தொப்பென்று விழுந்தது. கை தன்னால் கட்டுப்பாட்டுப் பிடியை இன்னும் இழுத்தது. "இழுக்காதே தம்பி, தள்ளு!" என்றார். தரை எதிரே தெரியும்போது மூக்கை இன்னும் கீழே தள்ளுவதா? மனசு ஒப்பவே இல்லை. தள்ளிய பிறகுதான் கோணம் குறைந்து இறக்கை மறுபடி பிடித்துக்கொண்டது.

இன்னொன்று, வலப்பக்கம் திரும்ப, இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகையான எய்லரானை மட்டும் அசைத்தால் மூக்கு முதலில் இடப்பக்கம் போகிறது. உயர்கிற இறக்கைக்குத் தூக்குவிசையோடு பின்னுக்கு இழுக்கும் இழுவையும் கூடுவதால் வரும் வினை. வாலில் மூக்கைத் திருப்பும் பலகையான ரட்டரையும் காலால் சேர்த்து மிதிக்க வேண்டும். எனக்கு இன்னும் கை ஓர் ஊர், கால் ஓர் ஊர்.

ஜன்னலோரம்:
அம்மாவுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். ஸ்பேனர் அண்ணனுக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார்: இறக்கை நுனியை ஏன் மேலே மடக்கி வைத்திருக்கிறார்கள்?

பழைய ஸ்பேனர்:
அடியில் அழுத்தம் அதிகம், மேலே குறைவு. அதனால் நுனியைச் சுற்றிக் காற்று மேலே கசிந்து சுழலாகிறது. அந்த மடிப்பு சுழலின் பலத்தைக் குறைக்கிறது, எண்ணெய் மிச்சமாகிறது. மீதியைச் சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன் மா, வீட்டில் கூப்பிடுகிறார்கள்.