பிரெட்கிரம்ப்: ‘வழித்தடம்’ வேண்டாம், ‘படிவழி’ சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

இணையப் பக்கத் தலைப்புக்கு மேலே ‘முகப்பு › அறிவியல் › தாவரவியல் › விதை முளைத்தல்’ என்று ஓடும் சிறு வரியை ஆங்கிலத்தில் பிரெட்கிரம்ப் (breadcrumb) என்பார்கள். அதற்குத் தமிழ்ச்சொல்லாக ‘வழித்தடம்’, ‘சுவடு’ என்ற பரிந்துரைகள் வந்துள்ளன. இரண்டுமே பொருளைத் திரித்துவிடும். தடமும் சுவடும் நடந்து வந்ததைக் குறிப்பவை. தேடுபொறியிலிருந்து நேரே ‘விதை முளைத்தல்’ பக்கத்தில் வந்து இறங்குபவர் எங்கும் நடக்கவில்லை. ஆனாலும் அவருக்கும் இந்த வரி முழுதாகத் தெரிய வேண்டும். தளத்தின் அடுக்கில் இந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. வந்த வழியே திரும்ப உலாவியின் பின்செல் பொத்தான் போதும்.

ஆங்கிலப் பெயரே கிரிம் சகோதரர்களின் கதையில் சிறுவர்கள் வழியடையாளமாகப் போட்ட ரொட்டித் துணுக்குகளிலிருந்து வந்தது. அதையே மொழிபெயர்த்தால் அந்தக் குழப்பமும் கூடவே வரும். ஒவ்வொரு படியாக மேலேற உதவுவதால் ‘படிவழி’ என்று முன்மொழிகிறேன்.

———

ஐயா, வணக்கம்.

‘படி’ என்பதற்கு நகல் என்ற பொருளும் உண்டே என்று தயங்கினேன். படிநிலை, படிக்கட்டு என்று கூட்டுச்சொற்களில் அது இடறுவதில்லை, எனவே உடன்படுகிறேன்.

இந்தச் சொல் காதாலும் கேட்கப்படும். குறிநிரலில் இந்தப் பகுதிக்குத் தரும் பெயரைத் திரைவாசிப்பான் (பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் மென்பொருள்) உரக்கச் சொல்லும். ‘வழிசெலுத்தல்’ (navigation) என்பதை அது தானே சேர்த்துக்கொள்வதால், ‘படிவழி’ என்று மட்டும் பெயரிட வேண்டும். ‘படிவழி வழிசெலுத்தல்’ என்று எழுதினால் ஒரே சொல் இருமுறை ஒலிக்கும். உள்ளே வரிசைப் பட்டியல். இடையிலுள்ள ‘›’ குறியை நேரடியாகத் தட்டச்சு செய்தால் ஒவ்வொரு படிக்கும் நடுவே அதையும் வாசித்துவைக்கும். ஆகவே பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் பாணித்தாளில் (CSS) பின்னணிப் படமாக வைப்பது நல்லது. கடைசிப் படி இப்போதிருக்கும் பக்கம், அதற்கு இணைப்பு வேண்டாம். அதை ‘நடப்புப் படி’ என்றும், இடைக்குறியைப் ‘பிரிகுறி’ என்றும் சொல்லலாமா?

ஒரு பக்கம் இரண்டு பிரிவுகளில் இருந்தால், ஒன்றை முதன்மையாக நிலைநிறுத்திவிட வேண்டும். வந்த வழியைப் பொறுத்து வரியை மாற்றினால் நீங்கள் மறுத்த அந்தச் சுவடுதான் திரும்பி வரும்.

———

அம்மா, இரண்டு சொற்களும் பொருத்தம்.

கைப்பேசியில்தான் தமிழுக்குத் தனிச்சிக்கல். நம் பிரிவுப் பெயர்கள் நீளமானவை. 320 படப்புள்ளி (pixel) அகலத்தில் நான்கு படிகள் ஒரே வரியில் அடங்கா. பெயரை நிரலில் குறியீடுகளை எண்ணி வெட்டுபவர்கள் எழுத்தைச் சிதைக்கிறார்கள். ஒருங்குறியில் (Unicode) ‘க்’ என்பது ககரமும் புள்ளியுமாக இரண்டு குறியீடுகள். நடுவே வெட்டினால் ‘பக்’ என்பது ‘பக’ ஆகிவிடும். சுருக்கியே ஆகவேண்டும் என்றால் அதை உலாவியிடம் பாணித்தாள் வழியாக விடலாம். அதைவிட நல்லது, வரியை மடிய விடுவது. அல்லது உடனடி மேற்பிரிவை மட்டும் ‘‹ தாவரவியல்’ என்று காட்டலாம். விரலால் தொடும் இணைப்பின் பரப்பு 24×24 படப்புள்ளிக்குக் குறையக் கூடாது. 2023இல் வெளியான இணைய அணுகல்தன்மை நெறிமுறை (WCAG) 2.2 கேட்கும் அளவு அது. விரலுக்கு அதுவும் சிறியது என்பேன்.

முகப்பும் ஒரே அடுக்குப் பக்கங்களும் மட்டுமுள்ள தளத்துக்குப் படிவழியே தேவையில்லை.

கைப்பேசியின் அந்த ஒற்றை இணைப்புக்கு ‘மேற்படி’ என்று பெயர் வைக்கத் தோன்றும். ஆனால் அது ‘மேலே சொன்ன’ என்ற பொருளில் ஊன்றிவிட்ட சொல். ‘மேற்பிரிவு இணைப்பு’ என்றே வைத்துக்கொள்வோம்.