மழையில்லாத நாளிலும் மழைநீர் வடிகாலில் எண்ணெய்: ஊற்றும் இடத்தை எப்படிக் கண்டறிவது?

எங்கள் குடியிருப்பின் மழைநீர் வடிகால், சுத்திகரிப்பு எதுவுமின்றி நேராக ஏரியில் கலக்கிறது. நீண்ட இடைவெளிக்குப் பின் வரும் முதல் மழையில் சாலையில் படிந்த எண்ணெய் மிதந்து வருவது எங்கும் உள்ளதுதான். இங்கோ இரண்டு மாதமாக, மழையே இல்லாத திங்கட்கிழமைக் காலைகளில் வடிகால் முகத்தில் வானவில் நிறப் படலம். குச்சியால் கலைத்தால் துண்டு துண்டாக உடையாமல் மீண்டும் கூடிக்கொள்கிறது. ஆகவே இது நீரில் இரும்புப் பாக்டீரியா (இரும்பைக் கொண்டு வாழும் நுண்ணுயிர்) இயற்கையாக உண்டாக்கும், கலைத்தால் உடையும் படலம் அல்ல, எண்ணெய்தான்.

வடிகால் வாய்கள்தோறும் ‘இது ஏரிக்குப் போகிறது’ என்று எழுதினோம். கழிவு எஞ்சின் ஆயிலுக்குப் பீப்பாய் வைத்தோம், குப்பைதான் விழுந்தது. உள்ளாட்சி அலுவலகமோ இடத்தைக் காட்டினால்தான் வருவோம் என்கிறது. மூடிகளைத் திறக்க எங்களுக்கு அனுமதியும் இல்லை.

மூடியைத் திறக்காமலே, எந்தக் கிளை வழியாக எண்ணெய் வருகிறது என்று குடியிருப்போரே கண்டறிய என்ன வழி?