ஓர் எண்ணை மாற்றினால் சூத்திரமே சிதைவது ஏன்?

கேள்வி (கோத்தகிரி, முதுகலை மாணவி):
தலைக்குந்தாப் பக்கம் மார்கழி, தை இரவுகளில் விழும் உறைபனியை, மாலை நேர வெப்பம், ஈரப்பதம், காற்று ஆகியவற்றைக் கொண்டு கணிக்கும் சூத்திரம் ஒன்றை இலக்கணவழிப் பரிணாம முறையில் (எண் தொடர்களை இலக்கண விதிகளால் சூத்திரங்களாக விரித்து, சிறந்தவற்றைத் தேர்ந்து மாற்றி மேம்படுத்தும் கணினி முறை) தேடி வருகிறேன். மரபணுத் தொடர் எனப்படும் அந்த எண் வரிசையில் ஓர் எண்ணை மாற்றினால் சில வேளை எதுவுமே மாறுவதில்லை. சில வேளை சூத்திரம் முழுவதும் சிதைகிறது. பிழை என் நிரலிலா, முறையிலேயா?

பதில் (குன்னூர்):
உங்கள் நிரலில் பிழை இருப்பதாகத் தோன்றவில்லை. 1998இல் ரயன், காலின்ஸ், ஓ'நீல் ஆகியோர் முன்வைத்த இம்முறையில், அடுத்த எண்ணை விதிகளின் எண்ணிக்கையால் வகுத்து, மீதியைக் கொண்டு விதியைத் தேர்கிறோம். 'கோவை' (சூத்திரம் அல்லது அதன் பகுதி) என்பதற்கு இரண்டு விதிகள் எனக் கொள்வோம்: 0 எனில் கோவை-குறி-கோவை, 1 எனில் மாறி. குறிகள் +, −, ×; மாறிகள் வெப்பம், ஈரப்பதம், காற்று; இரண்டிலும் இதே வரிசையில் மீதி 0, 1, 2. இடப்புறத்திலிருந்து விரித்தால் 220, 37, 51, 64, 41, 92 என்ற தொடர் 'வெப்பம் − காற்று' ஆகிறது. 220ஐ 222 ஆக்கினால் மீதி அதுவே, மாற்றமில்லை. 221 ஆக்கினாலோ 'ஈரப்பதம்' மட்டும் மிஞ்சி, கடைசி நான்கு எண்களும் வீணாகின்றன. ஏனெனில் எந்த எண்ணுக்கும் நிலையான பொருள் கிடையாது. தனக்கு முன்னுள்ளவை எதை விரித்தன என்பதே அதன் பொருளைத் தீர்மானிக்கிறது. 37ஐ 38 ஆக்கிப் பாருங்கள்: எண்கள் தீர்ந்து, தொடக்கத்திலிருந்து மீண்டும் படித்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் விரிக்க வேண்டியவை கூடிக்கொண்டேதான் போகும்.

பதில் (கொடைக்கானல்):
இந்தக் குறையை ரோத்லாஃப், ஓட்செல் இருவரும் 2006இலேயே ஆராய்ந்து காட்டினர். லூரென்சோ, பெரைரா, கோஸ்டா ஆகியோர் உருவாக்கிய, இம்முறையின் கட்டமைப்பு வகையில் கோவை, குறி, மாறி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் பட்டியல் உண்டு. ஆகவே குறிக்கான எண்ணை மாற்றினால் குறி மட்டுமே மாறும். என் கருத்தில் நீங்கள் அதற்கு மாறிவிடுவதே நல்லது. ஆனால் இலக்கணத்தையும் திருத்துங்கள்: வெப்பத்திலிருந்து காற்றின் வேகத்தைக் கழிப்பதற்கு அலகு அளவிலேயே பொருளில்லை, மேலும், காற்று ஓய்ந்த தெளிந்த இரவில்தானே உறைபனி விழுகிறது? காற்றுக்கு முன் ஒரு கெழு (பெருக்கும் எண்) கட்டாயம் வர வேண்டும் என்று விதி எழுதினால், தேடலின் சுமை ஓரளவு குறையலாம்.

கேள்வியாளர்:
இருவருக்கும் நன்றி. 38ஐ இட்டுப் பார்த்தேன்; சுற்றுகளுக்கு நான் வரம்பே வைக்கவில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. நேற்றிரவு கணினி உறைந்து நின்றபோது மின்னழுத்தத்தைக் குறை கூறிக்கொண்டிருந்தேன். வரம்பைத் தாண்டும் தொடருக்கு மிக மோசமான தகுதி மதிப்பையே (சூத்திரம் எவ்வளவு நன்றாகக் கணிக்கிறது என்பதற்கான மதிப்பெண்) தரலாமா?

பதில் (குன்னூர்):
தரலாம், வழக்கமும் அதுவே.