12-இல் வைத்தார்கள், 9-இல் தூங்கினேன்: சிபாப் அழுத்தம், உங்கள் அனுபவம்?

தூத்துக்குடிக்காரன்

எனக்கு வயது 51. குறட்டை விடுகிறேன் என்று வீட்டில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஒருநாள் என் மனைவி அதைப் போனில் பதிவு செய்து காலையில் காப்பியோடு சேர்த்துக் கொடுத்தாள். சத்தத்தைவிட நடுநடுவே வந்த அமைதிதான் என்னைப் பயமுறுத்தியது. தூங்கும்போது மூச்சைக் கவனித்து அளக்கும் ஸ்லீப் ஸ்டடியில் மணிக்கு 38 முறை மூச்சு தடைபடுவதாக வந்தது. 5-க்குள் இருந்தால் பயமில்லை, 30-ஐத் தாண்டினால் கடுமையான வகையாம்.

தொண்டை அடைத்துக்கொள்ளாமல் இருக்க மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளும் சிபாப் மெஷினை வீட்டுக்கே கொண்டுவந்து தந்தவர் என் எடையைக் கேட்டார், என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார், அழுத்தத்தை 12-இல் வைத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான். சட்டைக்கு அளவெடுப்பவர்கூட நாடாவை எடுப்பார்.

முதல் இரவே வயிறு பலூன் மாதிரி உப்பிவிட்டது. மாஸ்க்கின் ஓரத்திலிருந்து காற்று கண்ணில் அடித்தது. இரண்டு மணிக்குக் கழற்றி எறிந்தேன். நான்கு நாள் இதே கதை. போன் செய்தால், "குறட்டை இன்னும் வருதா சார்? அப்ப 14 வெச்சுக்கலாம்" என்றார். வைத்தேன். தூங்குவதற்குப் பதிலாக விடிய விடிய ஏப்பம் விட்டேன்.

பிறகு பார்த்த நுரையீரல் டாக்டர் மெஷினின் மெமரி கார்டை எடுத்து ரிப்போர்ட் பார்த்தார். ஒரு இரவுக்குச் சராசரியாக 1 மணி 40 நிமிடம்தான் போட்டிருக்கிறேன், லீக் ஏகத்துக்கு. வாய், மூக்கு இரண்டையும் மூடும் மாஸ்க்கை மாற்றி மூக்குக்கு மட்டுமானதைத் தந்தார். மெஷினை ஆட்டோமேட்டிக்காக வைத்து, அழுத்தம் 6-இலிருந்து 12 வரை அதுவே ஏறி இறங்கட்டும் என்று இரண்டு வாரம் விட்டார். முடிவில் 95 சதவீத நேரம் 9.2-க்குள்ளேயே சமாளித்திருந்தது. தடைபடுவது மணிக்கு 38-இலிருந்து 2.8 ஆகியிருந்தது. இப்போது 9-இல் நிலையாக வைத்திருக்கிறார். மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஆபீசில் தலை தொங்குவது நின்றுவிட்டது.

உங்களுக்கெல்லாம் இந்த எண்ணை யார், எப்படி முடிவு செய்தார்கள்?

இரவு ஷிப்ட்

ஸ்லீப் லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். சார், அந்த 14 கதையைப் படித்ததும் வயிறு எரிந்தது.

வயலுக்குத் தண்ணீர் விடும் பிளாஸ்டிக் ட்யூப் இருக்கிறதல்லவா, தண்ணீர் ஓடாதபோது தட்டையாகக் கிடக்குமே, தூக்கத்தில் தொண்டையும் அப்படித்தான். சிபாப் உங்களுக்காக மூச்சு விடுவதில்லை, அந்த ட்யூப் ஒட்டிக்கொள்ளாமல் பிடித்து வைக்கிறது. அதற்கு எவ்வளவு காற்று போதுமோ அவ்வளவுதான் வேண்டும். அதற்கு மேல் ஏற்றினால் மாஸ்க் ஓரத்தில் கசியும், இல்லையென்றால் வயிற்றுக்குள் போகும்.

நாங்கள் 4 சென்டிமீட்டரில் ஆரம்பிப்போம். (தண்ணீரை அந்த உயரத்துக்குத் தூக்கும் அழுத்தம் என்று அர்த்தம்.) இரண்டு முறை மூச்சு அடைத்து நின்றால் ஒரு படி ஏற்றுவோம். மூன்று நிமிடம் சத்தமாகக் குறட்டை வந்தாலும் ஏற்றுவோம். ஏற்றியபின் ஐந்து நிமிடமாவது கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். 15-இலும் அடங்காவிட்டால், மூச்சை வெளியே விடும்போது அழுத்தத்தைக் குறைக்கும் பைபாப்புக்குப் போவோம். பெரியவர்களுக்கு சிபாப்பில் 20-ஐத் தாண்டுவதில்லை.

உண்மையான பரீட்சை அதிகாலையில்தான். மல்லாந்து படுத்து, கனவுத் தூக்கத்தில் இருக்கும்போது தசைகளெல்லாம் தளர்ந்துவிடும். ஒருக்களித்துப் படுத்தபோது 7-இல் அழகாகப் போனவர் அப்போது 10 கேட்பார். அந்த நேரத்தைப் பார்க்காமல் எழுதும் எண்ணை நான் நம்புவதில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். சிபாப்பைக் கண்டுபிடித்த டாக்டர் காலின் சல்லிவனின் குழு சிட்னியில் ஐந்து நோயாளிகளுக்கு இதைச் செய்துபார்த்து 1981-இல் லான்செட் இதழில் எழுதியபோது, மூக்கு வழியாகக் கொடுத்த அழுத்தம் 4.5 முதல் 10 வரைதான். ஐந்து பேருமே கடுமையான நோயாளிகள்.

மதுரைப் பொண்ணு

என் அப்பாவுக்கு நடந்தது வேறு மாதிரி, அண்ணா. டாக்டர் அழுத்தத்தை 10-இல் வைத்திருந்தார், மூச்சு தடைபடுவது மணிக்கு 4 என்று ரிப்போர்ட் காட்டியது. அப்பா ரிட்டயர்ட் இஞ்சினியர், சும்மா இருப்பாரா? வீடியோ பார்த்து மெஷினின் மறைவு மெனுவைத் திறந்து, "பூஜ்யம் ஆக்கிக் காட்டுறேன் பாரு" என்று 13 ஆக்கினார். எண் 17-க்கு எகிறியது. பதறிப்போய் இன்னும் ஏற்றப் பார்த்தார், நான் மெஷினையே பிடுங்கி வைத்தேன்.

தொண்டை திறந்துதான் இருந்தது, ஆனால் மூச்சு விடு என்ற உத்தரவை மூளை கொடுக்காமல் விட்டிருக்கிறது என்று டாக்டர் விளக்கினார். அழுத்தம் கூடினால் சிலருக்கு இப்படி ஆகுமாம். அப்படி நிற்கும் மூச்சுக்கு அழுத்தத்தை ஏற்றிப் பிரயோஜனம் இல்லை. திரும்பவும் 10-க்கே வந்தார். இருதயத்தையும் ஒருமுறை பரிசோதிக்கச் சொன்னார் டாக்டர், நல்லவேளை ஒன்றுமில்லை. அப்பா இப்போது மெனு பக்கம் போவதில்லை என்கிறார். நான் நம்பவில்லை.

சேலம் 62

11 கிலோ இறங்கினேன், 11 இருந்த அழுத்தம் 8 ஆனது. அதுவும் தானாக ஆகவில்லை, வயிறு உப்ப ஆரம்பித்ததும் போய்க் காட்டினேன், திரும்ப அளந்தார்கள். அப்புறம், விருந்துக்குப் போய் இரண்டு பெக் போட்ட இரவின் ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துப் பாருங்கள். டாக்டரிடம் பொய் சொல்லலாம், கார்டிடம் முடியாது.

தூத்துக்குடிக்காரன்

@இரவு ஷிப்ட், மிக்க நன்றி. மல்லாந்து படுக்கும் விஷயம் எனக்கு யாருமே சொல்லவில்லை, அடுத்த முறை டாக்டரிடம் கேட்கிறேன்.

நேற்று மச்சான் வந்து தங்கினார். நடு ராத்திரி ஹாலிலிருந்து அதே சத்தம், அதே அமைதி. காலையில் போனில் பதிவு செய்ததைப் போட்டுக் காட்டினேன். "உங்க மெஷின ரெண்டு நாள் குடுங்க மாப்ளே, போட்டுப் பார்க்குறேன்" என்றார். கொடுக்கவில்லை. கொஞ்சம் கோபம்தான். ஸ்லீப் ஸ்டடிக்கு வெள்ளிக்கிழமை தேதி வாங்கியிருக்கிறேன், கூடவே போகிறேன்.