திக்கலா, முட்டா, மக்கரா?

ஹூஸ்டன், திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம். ஒரு அவசரம். வெள்ளி இரவுக்குள் ஒரே ஒரு பக்கம் தமிழில் வேண்டும்.

இங்கே பெட்ரோல் பங்க்கோடு சேர்ந்த கடை நடத்தும் நம்மூர்த் தம்பதி கைத்துப்பாக்கி வகுப்பில் சேர்ந்திருக்கிறார்கள். 2021 செப்டம்பரிலிருந்து டெக்சாசில் 21 வயதான, சட்டத்தடை ஏதும் இல்லாதவர் உரிமம் எடுக்காமலே கைத்துப்பாக்கி கொண்டுபோகலாம். பயிற்சி கட்டாயம் இல்லை. இவர்கள் தாமாகவே வந்தவர்கள். அந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் கல்லாப்பெட்டி வரைக்கும்தான். பயிற்றுநரோ கத்திக் கத்திச் சொல்லித் தருபவர்.

பாடம் இது: உயிருக்கு ஆபத்தான நேரத்தில் துப்பாக்கி நடுவில் நின்றுபோனால் கை என்ன செய்ய வேண்டும்? விசையை அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் மட்டும் வரலாம். சுட்டபின் வெளியே தெறிக்க வேண்டிய தோட்டாவின் வெற்றுக்கூடு வாசலில் மாட்டிக்கொண்டு செங்குத்தாக நிற்கலாம். இரண்டுக்கும் ஒரே வைத்தியம்தான். தோட்டாக்களை அடுக்கிவைக்கும் கூடான மேகசினின் அடியில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டி, துப்பாக்கியின் மேலே முன்பின் நகரும் பாகமான ஸ்லைடை முழுக்கப் பின்னால் இழுத்து, சட்டென்று விட்டுவிட வேண்டும். ஸ்லைடைப் பிடித்தபடியே மெல்ல முன்னே கொண்டுபோனால் அது சரியாக மூடாது, புதுச் சிக்கல் வரும். மூன்றாவது வகைதான் மோசம். பழைய கூடு உள்ளேயே கிடக்க, அடுத்த தோட்டா பின்னால் வந்து இடிக்கும். அதற்கு ஸ்லைடைப் பின்னால் பூட்டி, மேகசினை உருவி, இரண்டு மூன்று தடவை இழுத்துவிட்டுச் சுத்தம் செய்து, மறுபடி மேகசின் போட்டு, மறுபடி இழுத்துவிட வேண்டும்.

நின்றுபோவதற்கு ஒரு பெயர், இந்தப் பயிற்சிக்கு ஒரு பெயர், அவர் கத்துகிற ஏவல்களுக்குத் தமிழ். இவ்வளவுதான் கேட்கிறேன். 'செயல்பிறழ்வு' என்று எழுதிப் பார்த்தேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஆள் காலி.

தஞ்சாவூர், செவ்வாய் காலை

அம்மா, 'செயல்பிறழ்வு' பிறக்கும்போதே செத்த சொல். விடுங்கள்.

தலைச்சொல்லிலிருந்து வருவோம். துப்பாக்கி தமிழா? மேடைக்கு மேடை 12ஆம் குறளைக் காட்டுகிறார்கள், வள்ளுவரே 'துப்பாக்கி' என்றாரே என்று. அங்கே அது துப்பு + ஆக்கி. உணவை உண்டாக்கி என்று பொருள். மழையைப் பாடிய குறள். நம் கையில் இருப்பது துருக்கிய 'துஃபெக்' வழி வந்தது. ஆனால் வந்த சொல் எந்த வீட்டில் குடியேறியது என்று பாருங்கள். துப்பு என்றால் வலிமை. துப்புதல் என்றால் உமிழ்தல். ஆக, இதை வாய் உள்ள ஒன்றாகவே தமிழ் மனம் எண்ணிவிட்டது.

நின்றுபோவதற்குக் கல்வெட்டிலேயே சொல் இருக்கிறது. சோழர் காலத்தில் நந்தாவிளக்கு ஒன்றின் நெய்க்கு 96 ஆடு விடுவார்கள், விளக்கு 'முட்டாமல்' எரிவதற்காக. முட்டு என்றால் தடைப்பட்டு நிற்பது. ஆகவே இது 'முட்டு', அதை நீக்குவது 'முட்டறுப்பு'. ஆயிரம் ஆண்டுப் பழமையான சொல். இரண்டே எழுத்தொலி.

கோயம்புத்தூர், செவ்வாய் மதியம்

ஐயா, கோவிச்சுக்காதீங்க. முட்டறுப்புன்னா மாட்டு ஆஸ்பத்திரி ஞாபகம்தான் வருது. முட்டுங்கறதை இணையத்தில் கட்சிக்காரனுக்கு எழுதிக் கொடுத்தாச்சு. அவன்தான் நாள் முழுக்க முட்டுக் கொடுத்துக்கிட்டிருக்கான்.

எங்க லேத்துப் பட்டறையில இதுக்கு 'மக்கர் பண்ணுது'. பழுதுன்னு சொல்ல மாட்டோம். பழுதுன்னா கழட்டிப் போட்டுப் பார்க்கணும், உதிரி மாத்தணும். ரெண்டு தட்டுத் தட்டினா ஓடற சங்கதிக்குப் பேரு மக்கர். அக்கா கேக்கறது அதுதான். ஆட்டோக்காரருக்கும் புரியும், அந்தக் கடைக்கார அம்மாவுக்கும் புரியும்.

செங்குத்தா நிக்கற வெற்றுக்கூட்டை இங்கிலீஷ்ல அடுப்புப் புகைபோக்கின்னு சொல்றாங்க. நம்ம ஊர்ல எத்தனை அடுப்பங்கரையில குழாய் வெச்ச புகைபோக்கி இருக்கு? 'நடுகல்'னு வைங்க. பார்த்தா அப்படியேதான் இருக்கு.

தஞ்சாவூர், செவ்வாய் மாலை

தம்பி, மக்கர் என்பது அரபியில் வஞ்சகம். உருது வழியாக வந்தது. உங்கள் பட்டறையில் எந்திரம் உங்களை வஞ்சிக்கிறது என்றா சொல்கிறீர்கள்?

கோயம்புத்தூர், செவ்வாய் மாலை

ஆமாங்க ஐயா, தினமும். அதுவும் துப்பாக்கியே துருக்கின்னு காலையில நீங்கதான் சொன்னீங்க. அதோட மக்கர் அரபியா இருந்தா என்ன, ரெண்டும் ஒரே பஸ்ல வந்த சனம்தானே?

டொரொன்டோ, செவ்வாய் இரவு

வணக்கம். மூன்று விடயம்.

ஒண்டு, மேகசினுக்குச் சொல் தேடத் தேவையில்லை. ரவைக்கூடு. ரவை எண்டா தோட்டா. சன்னம், ரவை, எறிகணை எல்லாம் எங்கட பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கும் தெரிஞ்ச சொற்கள். ஐயா சொல்லுற முட்டு எங்களுக்கு மூச்சு முட்டுறது, வருத்தம், அதாவது நோய். துவக்குக்கு, உங்கட துப்பாக்கிக்கு, அது பொருந்தாது எண்டில்லை, ஆனா கேட்டவுடனே ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். நாங்கள் 'இறுகிப்போச்சு' எண்டுதான் சொல்லுவம்.

ரெண்டு, இந்தச் சொல் ஆருக்கு? இஞ்ச கனடாவில 2022 அக்டோபருக்குப் பிறகு தனி ஆள் கைத்துப்பாக்கி வாங்கவோ விற்கவோ கைமாற்றவோ ஏலாது. ஊரிலயும் தேவையில்லை. ஒரு கடைக்கார அம்மாவுக்காக அகராதி எழுதுறம்.

மூண்டு, கோவைத் தம்பி, நடுகல் வேண்டாம். பகிடிக்குச் சொன்னனீர் எண்டு விளங்குது. எங்களுக்கு அது பகிடிச் சொல் இல்லை.

கோயம்புத்தூர், செவ்வாய் இரவு

மன்னிச்சுக்குங்க அண்ணே. யோசிக்காம எழுதிட்டேன். எடுத்துடறேன். 'நின்ற கூடு' போதும்.

வேலூர், புதன் விடியற்காலை

முன்னாள் ராணுவத்தான் ஒருத்தன் எழுதுகிறேன். எங்களுக்கு உஸ்தாத் இந்தியில்தான் சொல்லித் தந்தார். நின்றுபோனால் 'ரோக்'. அதைச் சரிசெய்வது 'ஃபௌரி இலாஜ்', அதாவது உடனடிச் சிகிச்சை. ரோக் என்று கத்தினால் போதும், தூக்கத்திலும் கை வேலை செய்யும். நீங்கள் நாலு பேர் இரண்டு நாளாகத் தேடுவதை எழுதப்படிக்கத் தெரியாத காலத்துச் சிப்பாய் ஒரு சொல்லில் முடித்துவிட்டான். தமிழில் 'உடன்வைத்தியம்' என்று வைக்கலாம்.

பயிற்சிக்கு நல்ல பழைய சொல் இருக்கிறதே, கவாத்து. 'திக்கல் கவாத்து', 'மக்கர் கவாத்து', எதோடு வேண்டுமானாலும் சேரும். ஒரு சந்தேகம். தேயிலைச் செடியை வெட்டிவிடுவதையும் கவாத்து என்கிறார்களே, இரண்டும் ஒரே சொல்லா? ஐயா விளக்கினால் நல்லது.

சிங்கப்பூர், புதன் காலை

வேலூர் ஐயா, 'திக்கல்' என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், கவனித்தீர்களா? நான் அதைத்தான் சொல்ல வந்தேன். தஞ்சை ஐயா துப்பாக்கிக்கு வாய் வைத்துவிட்டார். வாய் உள்ளது பேச வேண்டிய நேரத்தில் நின்றால் அது திக்கல். திக்கு என்ற பகுதியோடு அல் விகுதி. விக்கல், சிக்கல் போலத் தொழிற்பெயர். முதல் இரண்டு வகைக்கும் திக்கல். மூன்றாவது வகை, முதல் கவளம் இறங்குமுன் அடுத்த கவளத்தை ஊட்டுவது. குழந்தைக்கு அப்படி ஊட்டினால் என்ன ஆகும்? விக்கல். திக்கலுக்குத் தட்டினால் போதும். விக்கலுக்கு வாயில் உள்ளதை வெளியே எடுக்க வேண்டும். வைத்தியமும் பெயரிலேயே இருக்கிறது.

பயிற்சிக்குக் கவாத்து வேண்டாம். தேசிய சேவையில் இரண்டு வருடம் 'ஐ.ஏ. டிரில்', அதாவது நீங்கள் சொல்லும் இதே உடனடிச் சிகிச்சைப் பயிற்சி, செய்தவன் நான். அது வரிசையில் நிற்கும் கவாத்து அல்ல. ஒரு அசைவுக்குப் பின் அடுத்த அசைவு, யோசனையே இல்லாமல் வர வேண்டும். நம்மிடம் அதற்கு 'வரிசை' இருக்கிறது. குத்துவரிசை, பிடிவரிசை. என் மகள் பாட்டு வகுப்பில் பாடுகிற சரளி வரிசையும் அதேதான். 'திக்கல் வரிசை', 'விக்கல் வரிசை'. முடிந்தது.

தஞ்சாவூர், புதன் மதியம்

வரிசை அருமை. திக்கலை ஏற்க மாட்டேன். திக்குவாய் உள்ளவரை இடித்துப் பேசுவதாக ஆகும். மேலும் திக்கு என்றால் திசையும் ஆகும். எண்திக்கும் சுடும் துப்பாக்கி என்று யாராவது எழுதி வைப்பார்கள். முட்டு நிற்கட்டும்.

வரிசை என்ற சொல்லுக்குப் பின்னால் உள்ள கருத்தை ஔவை பெயரில் வழங்கும் தனிப்பாடல் முன்பே சொல்லிவிட்டது: 'சித்திரமும் கைப்பழக்கம்'. பயிற்சி என்பது மனத்துக்கு, பழக்கம் என்பது கைக்கு. 'கைப்பழக்கம்' என்றே வைத்தாலும் குறையில்லை.

ஹூஸ்டன், புதன் இரவு

ஐயா, கைப்பழக்கம் என்று நீங்கள் சொன்னதும் பயிற்றுநர் சொன்ன கதை நினைவுக்கு வந்தது. 1970 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் நியூஹாலில் நெடுஞ்சாலைக் காவலர் நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவரின் பையில் வெற்றுக்கூடுகள் இருந்தனவாம். சுடுபயிற்சித் திடலில் சுட்டு முடித்துக் கூடுகளைப் பொறுக்கிப் பையில் போட்ட பழக்கம் சாகிற நேரத்திலும் கையை விடவில்லை என்று அரை நூற்றாண்டாகச் சொல்கிறார்கள். பின்னால் தோண்டிப் பார்த்தவர்கள் அது நடக்கவே இல்லை என்கிறார்கள். பயிற்றுநருக்கு அதுவும் தெரியும். தெரிந்தே சொல்கிறார், வகுப்பு அப்போதுதான் வாயை மூடுகிறது என்று.

இப்போது ஏவல்கள். அந்த அம்மாவிடம் போனில் 'தட்டு, இழு, பார்' என்று படித்துக் காட்டினேன். 'இழு' என்றதும், "எதைம்மா இழுக்கணும், விசையையா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கோயம்புத்தூர், புதன் இரவு

அந்த அம்மாதான் இந்த இழையிலயே புத்திசாலி.

வேலூர், வியாழன் காலை

கடைசிச் சொல் 'பார்' என்று ஏன்? 'சுடு' என்றல்லவா இருக்க வேண்டும்? எதிரே ஆள் நிற்கும்போது வேடிக்கையா பார்ப்பது?

தஞ்சாவூர், வியாழன் காலை

இழுவுக்குப் பதில் 'நாணேற்று'. வில்லை ஆயத்தமாக்குவதற்கு நம்மிடம் இருக்கும் சொல். தோட்டா அறைக்குள் ஏறுவதால் பொருளும் பொருந்தும். 'ஏற்று' என்று சுருக்கலாம்.

சிங்கப்பூர், வியாழன் மதியம்

ஐயா, மிதிலையில் நாணேற்றப் போனவர் கையில் வில்லே ஒடிந்தது. வேண்டாம். 'ஏத்து' என்றால் துப்பாக்கியை மேலே தூக்கிவிடுவார்கள் என்ற பயமும் இருக்கிறது.

என் யோசனை, முதல் ஏவலாக 'விரல்' என்று கத்தட்டும். விரல் விசையை விட்டு வெளியே வந்து துப்பாக்கியின் உடலோடு ஒட்டிவிட்டால் அப்புறம் 'இழு' எதைக் குறித்தாலும் ஆபத்தில்லை. அதையும் 'இழுத்துவிடு' என்றால் கூடவே கொண்டுபோகும் தவறும் வராது. விடு என்பது துணைவினையா தலைமைவினையா என்று ஐயா கேட்பார். இங்கே இரண்டும்தான்.

ஹூஸ்டன், வியாழன் இரவு

வேலூர் ஐயாவுக்கு: முன்பு மூன்றாவது சொல் சுடு என்றுதான் இருந்ததாம். பல பயிற்றுநர்கள் மாற்றிவிட்டார்கள். துப்பாக்கியைச் சரிசெய்த அந்த ஒன்றிரண்டு நொடியில் எதிரில் இருந்தவன் ஓடியிருக்கலாம், கையைத் தூக்கியிருக்கலாம், அவன் நின்ற இடத்தில் உங்கள் வீட்டுப் பிள்ளை நிற்கலாம். சுடுவது ஒவ்வொரு தடவையும் புதிதாக எடுக்க வேண்டிய முடிவு. அதைக் கைப்பழக்கத்தோடு தைத்துவிடக் கூடாது. ஆகவே 'பார்' நிற்கும்.

இன்னொன்று மிச்சம். தோட்டாவில் மருந்து சரியாக எரியாமல் 'புஸ்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டு, குண்டு குழலுக்குள்ளேயே மாட்டிக்கொள்வது உண்டு. அப்போது வரிசையைச் செய்தால், அடுத்த குண்டு அதன்மேல் மோதிக் குழலே வெடிக்கலாம். அங்கே தட்டவும் கூடாது, இழுக்கவும் கூடாது, நிறுத்த வேண்டும். பெயர்?

கோயம்புத்தூர், வியாழன் இரவு

நமுத்த வெடி.

டொரொன்டோ, வியாழன் இரவு

ஓம். நமுத்த வெடி.

வேலூர், வெள்ளி காலை

நமுத்த வெடி. திடலில் 'டிக்' என்று நின்றால் முனையைத் திடலை நோக்கியே வைத்து 30 நொடி பொறு என்பார்களே, தாமதமாக வெடிக்கலாம் என்று, அதற்கும் தீபாவளி உதாரணமே போதும். வெடிக்காத வெடியைக் குனிந்து பார்க்காதே என்று அம்மா கத்தாத வீடு எது? ஆனால் ஆபத்து நேரத்தில் 30 நொடி யார் தருவார்கள்? இதை அந்தப் பக்கத்தில் எழுதிவிடுங்கள் அம்மா, திடலுக்கு ஒரு விதி, ஆபத்துக்கு ஒரு விதி என்று. இல்லாவிட்டால் இரண்டும் குழம்பும்.

தஞ்சாவூர், வெள்ளி மதியம்

'நமத்த' என்பதே செம்மையான வடிவம். பொருளில் மறுப்பில்லை.

ஹூஸ்டன், வெள்ளி இரவு

அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். திக்கல், விக்கல், நின்ற கூடு, நமுத்த வெடி. பயிற்சிக்குத் 'திக்கல் வரிசை'. மேகசினை மேகசின் என்றே விட்டேன் அண்ணை, மன்னிக்கவும். ரவை என்றால் அந்த அம்மாவுக்கு உப்புமாதான் வருகிறது. ஏவல்கள்: விரல், தட்டு, இழுத்துவிடு, பார். திக்கலுக்கு ஆதரவு மூன்று என்று எண்ணினேன். கோவைத் தம்பி 'என்னமோ பண்ணுங்க' என்று தனி மடல் போட்டதையும் சேர்த்துத்தான் மூன்று.

வீட்டில் பழக மருந்தில்லாத போலித் தோட்டாக்களைக் கொடுத்திருக்கிறார்கள், நிஜத் தோட்டா வேறு அறையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. எதிர்பாராத திக்கலை வரவழைக்க மேகசினில் நடுவே ஒரு போலியைக் கணவர் ஒளித்துவைப்பது திடலில் மட்டும்தானாம்.

தஞ்சாவூர், சனி காலை

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். முட்டு.

டொரொன்டோ, சனி காலை

உப்புமாவுக்காக ரவைக்கூட்டை விட்டிட்டியள். சரி.

வேலூர், சனி மாலை

கவாத்து பற்றி நான் கேட்டதற்கு யாருமே பதில் சொல்லவில்லை. செடிக்கும் சிப்பாய்க்கும் ஒரே சொல்லா, இல்லையா?