அணைக்கும் குழாய்க்கும் காசு எங்கிருந்து வருகிறது? தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்து அனுபவங்கள்

சாட்ஸ்வொர்த்வாசி:

ஜூலை 1 பிறந்தால் தண்ணீர் பில் ஏறுகிறது. கல்யாண வீட்டிலும் சரி, கோயில் பந்தியிலும் சரி, இதே பேச்சு: "இவ்வளவு வாங்குகிறார்களே, எல்லாம் எங்கே போகிறது?" நான் ஒரு பொதுத் தண்ணீர் அமைப்பின் திட்டப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கேள்வி நியாயமானது. யாரும் உட்கார்ந்து விளக்கிச் சொல்வதில்லை என்பதுதான் என் வருத்தம். நான் பார்த்ததை எழுதுகிறேன். உங்கள் ஊரில் நீங்கள் கண்டதையும் எழுதுங்கள். யாரையும் பெயர் சொல்லித் திட்ட வேண்டாம். பணம் எப்படி வந்தது, வேலை எப்படி நடந்தது, எங்கே நின்றது என்று சொன்னால் போதும்.

எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு வரைபடம் இருந்தது. அதில் ஒரு கோடு வளைந்து மேலே போகும். டர்பனும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கும் சுற்றுவட்டாரமும் சேர்ந்து வருஷா வருஷம் கேட்கிற தண்ணீர் அது. இன்னொரு கோடு படிக்கட்டாக ஏறும். அது அணைகள் தரக்கூடிய தண்ணீர். ஒவ்வொரு படியிலும் ஓர் அணையின் பெயர் எழுதியிருக்கும்: 1950-இல் நேகிள், 1965-இல் மிட்மார், 1970களில் ஆல்பர்ட் ஃபால்ஸ், 1989-இல் இனாண்டா. இவை நான்கும் உம்கேனி ஆற்றில் உள்ளவை. கடைசிப் படி, மூயி ஆற்றுத் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பக் கட்டிய ஸ்பிரிங் குரோவ், 2013. வளைந்த கோடு படியை எந்த வருஷம் முட்டுகிறதோ, அதற்குள் அடுத்த அணையில் தண்ணீர் நின்றாக வேண்டும். அந்த வருஷத்திலிருந்து பின்னோக்கி எண்ணுவோம். கட்டுவதற்கு ஐந்தாறு வருஷம். அதற்கு முன்னால் வடிவமைப்பு, நிலம் எடுப்பது, சுற்றுச்சூழல் அனுமதி. அதற்கும் முன்னால் கடன். எண்ணி முடித்தால் பதினைந்து இருபது வருஷம் பின்னால் போய் நிற்கும்.

அடுத்த படிக்குப் பெயர் எப்போதோ வைத்தாயிற்று. உம்கோமாசி ஆற்றில் ஸ்மித்ஃபீல்ட் அணை, 81 மீட்டர் உயரம், அங்கிருந்து மலையைக் குடைந்து 32 கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம். முதற்கட்ட ஆய்வு 1990களின் கடைசியிலேயே முடிந்தது. அணை இன்னும் எழும்பவில்லை. வளைந்த கோடு மட்டும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. உரிமத்தில் உள்ளதற்கு மேல் தண்ணீர் எடுக்கிற நிலை வந்து, 2024 அக்டோபரிலிருந்து எதெக்வினிக்கு, அதாவது டர்பன் மாநகராட்சிக்குப் போகும் மொத்த நீரில் 8.4 சதவீதத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டியதாயிற்று. குழாயில் பிரஷர் இல்லை என்று நீங்கள் போன் போட்டுச் சண்டை பிடித்தபோது, அதன் வேர் எத்தனையோ வருஷத்துக்கு முந்தைய ஒரு கடன் பேச்சில் இருந்திருக்கலாம்.

கடன் பேச்சு ஒன்று எனக்கு மறக்கவே மறக்காது. கடன் கொடுக்கும் ஒரு வங்கியிலிருந்து ஒரு குழு வந்தது. பாறையின் தரம், சுவரின் உயரம் என்று நாங்கள் தயார் செய்திருந்த படங்களை மரியாதைக்குப் பார்த்தார்கள். பிறகு குழுவின் தலைவியான அம்மா கேட்டதெல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். உங்களிடம் மொத்தமாகத் தண்ணீர் வாங்கும் நகராட்சிகள் எத்தனை நாளில் பணம் கட்டுகின்றன? யார் யார் பாக்கி? அவர்கள் வாங்கிய தண்ணீரில் எவ்வளவுக்கு வீடுகளிலிருந்து காசு வருகிறது? அணைக்குக் கடன் கொடுப்பவர் அணையை நம்பிக் கொடுப்பதில்லை. கடைசி வீட்டு மீட்டரை நம்பித்தான் கொடுக்கிறார். இன்று நாடு முழுக்க நகராட்சிகள், தங்களுக்கு மொத்தமாகத் தண்ணீர் விற்கும் தண்ணீர் வாரியங்களுக்கு வைத்திருக்கும் பாக்கி 2,000 கோடி ராண்டுக்கு மேல். அப்படியிருக்க வங்கிக்காரர் எப்படி வட்டியைக் குறைப்பார்?

பணம் வரும் வழியையும் சொல்லிவிடுகிறேன். பெரிய அணை, சுரங்கம் போன்றவற்றுக்கு டிசிடிஏ என்ற அரசு நிறுவனம் சந்தையில் கடன் வாங்கும். லெசோத்தோ மலைத் தண்ணீர்த் திட்டத்துக்காக 1986-இல் தொடங்கியது அது. அரசின் உத்தரவாதம் இருப்பதால் கடன் கிடைக்கிறது. திருப்பிக் கட்டுவது தண்ணீரைப் பயன்படுத்துகிறவர்கள், ஒரு கிலோலிட்டருக்கு இவ்வளவு என்று. சுத்திகரிப்பு நிலையத்துக்கும் பெரிய குழாய்க்கும் தண்ணீர் வாரியம் ஜோகன்னஸ்பர்க் பங்குச் சந்தையில் பாண்டு (கடன் பத்திரம்) போடும், வளர்ச்சி வங்கிகளிடமும் வாங்கும். தெருக் குழாயும், ஊருக்குத் தண்ணீர் சேர்த்து வைக்கும் ரிசர்வாயர் தொட்டியும் நகராட்சி பொறுப்பு. இந்த மூன்று கடனும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி உங்கள் பில்லில் வந்து உட்காருகின்றன. நகராட்சிகளுக்கு ஜூலையில் மொத்த நீரின் விலையை ஏற்ற வேண்டுமானால் மார்ச் 15-க்குள் அது நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும் என்பது சட்டம். நமக்கு ஜூலையில்தான் தெரிகிறது.

டோங்காட் அக்கா:

அண்ணா, எங்களுக்கு வரைபடம் எதுவும் தெரியாது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில்தான் தெரிந்துகொண்டோம். 400 பேருக்கு மேல் பலிகொண்ட வெள்ளம். ஊருக்குத் தண்ணீர் சுத்திகரித்துக் கொடுக்கும் நிலையமே அதில் நாசமாகிவிட்டது. மாதக்கணக்கில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. ஜோஜோ என்கிற பிளாஸ்டிக் மழைநீர்த் தொட்டி வைத்திருந்தவர்கள் மழைக்குக் காத்திருந்தார்கள். மற்றவர்கள் டேங்கருக்குக் காத்திருந்தோம். அந்த ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்ற வேண்டும். கூழ் காய்ச்சத் தண்ணீர் பிடித்துவிட்டோம், அண்டா கழுவத் தண்ணீர் இல்லை. அடியில் பிடித்த கூழைத் துணியால் வழித்து எடுத்துவிட்டு அடுத்த டேங்கர் வரைக்கும் அப்படியே கவிழ்த்து வைத்தோம். மாடியில் குடியிருந்த வயசான ஆயாக்களுக்குப் பிள்ளைகள் வாளி சுமந்து கொடுத்தார்கள்.

டேங்கர் நிற்கிற இடத்தில் ஒரு நாள் ஒரு பொறியாளர் தம்பி வந்திருந்தார். "ஏன்ப்பா இத்தனை மாசம்?" என்று கேட்டேன். ஓடி ஒளியாமல் நின்று பதில் சொன்னார். இந்தச் செலவு எந்த பட்ஜெட்டிலும் இல்லை, பேரிடர் மானியம் கேட்க வேண்டும், அவர்கள் வந்து சேதத்தைச் சரிபார்க்க வேண்டும், டெண்டர் விட வேண்டும், பம்பும் மின்பலகையும் கடையில் வாங்குகிற சாமான் இல்லை, செய்யச் சொல்லித்தான் வாங்க வேண்டும் என்றார். பிறகு ஒன்று சொன்னார்: "ஒரு ஊருக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் தண்ணீர் வருகிற மாதிரி குழாய் போட்டுவிட்டால் இந்த நிலை வராது, அக்கா. ஆனால் அந்த இரண்டாவது குழாய் பத்து வருஷம் சும்மா கிடக்கலாம். அப்போது ஏன் இந்த வீண் செலவு என்று நீங்களே கேட்பீர்கள்."

நான் கேட்க மாட்டேன். டோங்காட்டில் அந்த மாதங்களைப் பார்த்த யாரும் கேட்க மாட்டார்கள். பில்லில் அதற்கென்று தனியாக ஒரு வரி போடட்டும், கட்டுகிறேன்.

வெருலம் கடைக்காரர்:

எங்கள் பக்கத்துக் கதை ஹேசல்மியர் அணை. 2014-15 வறட்சியில் டர்பனுக்கு வடக்கே உள்ள கடற்கரைப் பக்கம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். சுவரை 7 மீட்டர் உயர்த்தினால் கொள்ளளவு ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று வேலை தொடங்கினார்கள். வழிந்தோடியைப் பியானோ கட்டை மாதிரி மடிப்பு மடிப்பாக அமைக்கிற புது முறை. நல்ல யோசனைதான், ஆனால் வருஷங்கள் ஓடின, செலவும் ஏறியது. நான் வியாபாரி. எனக்குத் தெரிந்தது இதுதான்: வேலை நின்றாலும் வட்டி நிற்காது.

கணக்குப் பிரிவுக்காரர்:

நான் குவாசூலு-நட்டாலில் ஒரு நகராட்சியின் நிதிப் பிரிவில் இருந்தேன். இப்போது கேப் டவுன். சாட்ஸ்வொர்த் ஐயா அணையைச் சொன்னார், நான் தெருக் குழாயைச் சொல்கிறேன். என்னைக் கேட்டால் உண்மையான ஆபத்து அங்கேதான்.

நகராட்சிக்குப் பணம் மூன்று வழியில் வருகிறது: மானியம், கடன், பில். மத்திய அரசின் உள்கட்டமைப்பு மானியங்கள் பெரும்பாலும் ஏழை வீடுகளுக்குப் புதிதாகக் குழாய் போடுவதற்கு. அது வேண்டியதுதான், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. மாதம் 6,000 லிட்டர் இலவசத் தண்ணீருக்கும் மத்திய நிதிப் பகிர்விலிருந்து உதவி உண்டு. நீண்டகாலக் கடன் என்றால், 2003-ஆம் ஆண்டு நகராட்சி நிதிச் சட்டத்தின் 46-ஆம் பிரிவுப்படி மூலதனச் செலவுக்குத்தான் வாங்கலாம், அன்றாடச் செலவுக்கு வாங்க முடியாது. ஆகவே வால்வுக்குக் கிரீஸ் போடுவது, லீக் அடைப்பது, மீட்டர் மாற்றுவது எல்லாம் பில் பணத்தில்தான் நடக்க வேண்டும். பில் வசூல் குறைந்தால் முதலில் வெட்டு விழுவதும் அங்கேதான். ஏனென்றால் அந்த வருஷம் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

அப்படி வெட்டு விழுந்த ஒரு கூட்டத்தில் நான் இருந்தேன். தண்ணீர்ப் பிரிவுப் பொறியாளர் தோண்டி எடுத்த ஏசி (ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட்) பைப் துண்டு ஒன்றை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஆஸ்பெஸ்டாஸ் என்பதால் பையைத் திறக்கவில்லை. பைக்கு மேலேயே கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார், விளிம்பு நொறுங்கியது. "இது ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால் கிடந்தது. இதே வயசுப் பைப் ஊர் முழுக்கக் கிடக்கிறது" என்றார். எல்லோரும் வருத்தப்பட்டார்கள். பிறகு அந்த வருஷத்துக் குழாய் மாற்றும் தொகையில் பாதியை எடுத்து ஒரு புது ரிசர்வாயருக்குக் கொடுத்தார்கள். ரிசர்வாயர் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அதற்குப் பம்ப் ஓட்டும் மின்சாரச் செலவை யாரும் கேட்கவில்லை. அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவு இதைக் கட்டாயம் ஆக்குகிறது. ஒரு மூலதனத் திட்டத்தை ஒப்புக்கொள்ளும் முன், அது ஓடத் தொடங்கும் வரை எல்லா வருஷத்துச் செலவும், அப்புறம் அதை நடத்துகிற செலவும், அதனால் கட்டணம் எவ்வளவு ஏறும் என்பதும் நகராட்சி மன்றத்தின் முன் வர வேண்டும். அன்று அந்தத் தாள் ஒரே ஒரு பக்கம்தான் இருந்தது.

தேசிய கருவூலம் சொல்லும் அளவு, சொத்து மதிப்பில் 8 சதவீதம் பராமரிப்புக்குப் போக வேண்டும் என்பது. 2023-இல் தண்ணீர்த் துறை வெளியிட்ட 'நோ டிராப்' அறிக்கையின்படி நாட்டு நகராட்சிகளின் தண்ணீரில் 47 சதவீதத்துக்கு வருமானமே இல்லை. கசிவு, திருட்டு, மீட்டர் இல்லாமை எல்லாம் சேர்ந்த கணக்கு அது. ஐயாவின் வளைந்த கோட்டில் இந்த ஒழுகலும் சேர்ந்திருக்கிறது. அதை நிறுத்தினால் அந்தக் கோடு தாழும், அடுத்த அணை சில வருஷம் தள்ளிப் போகும். புது அணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒழுகுகிற ஊருக்கு அணை கட்டக் கடன் வாங்கினால் அதன் வட்டியும் சேர்ந்தே ஒழுகும்.

ஃபீனிக்ஸ் தம்பி:

ஒரு கேள்வி, தப்பாக நினைக்காதீர்கள். எனக்கு வயசு இருபத்தைந்து, வாடகை வீடு. இருபது வருஷம் கழித்து யாரோ குடிக்கப் போகிற தண்ணீருக்கு நான் ஏன் இப்போது கட்ட வேண்டும்?

சாட்ஸ்வொர்த்வாசி:

தம்பி, நல்ல கேள்வி. கடன் வாங்கிக் கட்டுவதே இதற்காகத்தான். முழுச் செலவையும் இன்றைய பில்லில் போட்டால் உங்கள் தலையில் விழும். கடனாகப் பிரித்தால் நாளைக்குக் குடிக்கிறவரும் தன் பங்கைக் கட்டுவார். ஆனால் இதையும் யோசியுங்கள்: நீங்கள் இன்று குடிக்கிற தண்ணீரில் மிட்மார் தண்ணீர் இருக்கிறது. அந்த அணை எழும்பிய 1960களில்தான் இனத்துக்கு ஒரு குடியிருப்பு என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி நம் இந்திய வம்சாவளி ஆட்களைக் கேட்டோ மேனரிலிருந்தும் மேகசின் பேரக்ஸிலிருந்தும் சாட்ஸ்வொர்த்துக்குத் துரத்தினார்கள். ஓட்டுரிமை இல்லாத தாத்தாவும் தண்ணீர்க் காசு கட்டினார். எங்கே அணை, யாருக்கு முதலில் குழாய் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. இன்று உங்களிடம் கேட்டாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள்.

மாரிட்ஸ்பர்க் டீச்சர்:

கேட்பது எப்படி என்று நான் சொல்கிறேன். எங்கள் குடியிருப்போர் சங்கம் இதைச் செய்து பார்த்திருக்கிறது. வரைவு பட்ஜெட் மார்ச் கடைசிக்குள் மன்றத்தில் வைக்கப்படும், மே கடைசிக்குள் முடிவாகும். இடைப்பட்ட நாளில் யார் வேண்டுமானாலும் எழுத்தில் கருத்துக் கொடுக்கலாம், மன்றம் அதைப் பரிசீலித்தே ஆக வேண்டும். பொதுக்கூட்டத்தில் மைக் கிடைத்தால் நம் ஆட்கள் பில்லைப் பற்றியே பேசுவார்கள், கவுன்சிலர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். நாங்கள் ஒரு முறை பில்லை விட்டுவிட்டு எங்கள் மேட்டுப் பகுதிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் நிலையத்தைப் பற்றி மட்டும் எழுதினோம். முந்தின வருஷ பட்ஜெட்டில் இருந்தது, இந்த வருஷம் காணவில்லை, எங்கே போனது என்று. பதில் எழுத்தில் வந்தது: இரண்டு வருஷம் தள்ளி வைத்திருக்கிறோம், காரணம் இது. எங்களுக்கு அந்தக் காரணம் பிடிக்கவில்லை. ஆனால் தள்ளி வைத்த வருஷம் தாளில் இருந்தது, அந்த வருஷம் வந்ததும் அதே தாளைக் கொண்டுபோய் நின்றோம். பம்ப் இப்போது ஓடுகிறது.

டோங்காட் அக்கா:

டீச்சர், அத்தனை பக்கத்தில் எதைப் பார்ப்பது? போன தடவை தூக்கிப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டேன்.

கணக்குப் பிரிவுக்காரர்:

அக்கா, முழுக்கப் படிக்க வேண்டாம். பின்னால் அட்டவணைகள் இருக்கும், எல்லா நகராட்சிக்கும் ஒரே எண்தான். எஸ்ஏ 36 என்பது திட்டம் திட்டமாக மூலதனப் பட்டியல். உங்கள் ஊர் பெயர் இருக்கிறதா, அடுத்த மூன்று வருஷத்துக் கட்டத்தில் தொகை இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்ஏ 34சி பராமரிப்பு. அதில் தண்ணீர் என்று இருக்கும் வரிசையைப் போன வருஷத்தோடு ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் ஏன் என்று ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள். வரைவு வந்ததும் அந்த இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம். இரண்டாவது குழாய் அதில் இருக்கிறதா என்று நானும் தேடுகிறேன்.