மண்டபம் முகாமில் சாட்சியம் பதிவு செய்வது பற்றி

பாம்பன்_வாசி:
எம்.ஏ. வரலாறு முடித்திருக்கிறேன். இனப்படுகொலை ஆய்வில் பிஎச்.டி. பண்ண எண்ணம். 1990ல் இலங்கையின் தலைமன்னார் பக்கமிருந்து படகேறி வந்து மண்டபம் அகதி முகாமில் இருப்பவர்களின் வாய்மொழிதான் மூலம். அதை மட்டும் வைத்து எழுதினால் துறையில் ஏற்பார்களா? பதிவை எப்படி எடுப்பது?

ஏட்டுச்சுவடி:
இப்போது ஏற்கிறார்கள். நாஜிகள் நடத்திய யூதப் படுகொலையின் வரலாற்றை ரால் ஹில்பர்க் 1961ல் ஜெர்மன் ஆவணங்களை நம்பித்தான் எழுதினார். பிழைத்தவர்கள் பேச்சில் அவருக்குப் பிடிப்பில்லை. அதே துறையில் கிறிஸ்டோபர் பிரவுனிங் ஒரு நாஜி அடிமைத் தொழிலாளர் முகாமின் வரலாற்றை 292 பேரின் சாட்சியத்தை ஒன்றோடொன்று உரசிப் பார்த்தே எழுதினார்.

ஆஷ்விட்ஸ் நாஜி முகாமில் 1944 அக்டோபரில் கைதிகள் செய்த கலகத்தில் நாலு புகைபோக்கி வெடித்ததாக ஒரு பெண் சொன்னார். வெடித்தது ஒன்றுதான். அதற்காக அவர் பொய்சாட்சி ஆகிவிடவில்லை. கலகம் நடந்ததற்கு அவர் சாட்சி, எண்ணிக்கைக்கு அல்ல. இந்தப் பிரிப்பு கைவராமல் களத்தில் இறங்காதீங்க.

கச்சான்காத்து:
எடுத்ததும் தேதி கேட்காதீங்க. கேட்டால் பிற்பாடு பேப்பரில் படித்த தேதிதான் வரும். அடித்தது வாடைக் காற்றா கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றா, படகேறின ராத்திரி நிலவா இருட்டா, கூட யார் யார் என்று கேளுங்க. கடல்காரர் அமாவாசையை மறக்க மாட்டார். அந்த வருஷப் பஞ்சாங்கத்தில் வைத்துப் பார்த்தால் நாலைந்து நாளுக்குள் வந்து நிற்கும். முகாம் பதிவேட்டுத் தேதி கிடைத்தால் சரிபாருங்க. ஆனால் அது பதிந்த தேதி, கரையேறின தேதி இல்லை.

ஒலிப்பதிவுக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் (WAV) கோப்பு. ஸ்டீரியோவில் மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி. அன்றைக்கே இரண்டு பிரதி, இரண்டு இடத்தில். சட்டை மைக்கை மோவாய்க்கு ஒரு சாண் கீழே குத்தி, ரோம உறை போடுங்க. வெறும் பஞ்சு உறை கச்சான் காற்றுக்குத் தாங்காது. ஃபேனை நிறுத்துங்க. வேர்க்கும், வேறு வழியில்லை. ஒரு அமர்வு ஒன்றரை மணிக்கு மேல் போனால் சொல்பவர் களைத்துச் சுருக்கிவிடுவார்.

உப்பளம்:
முதலில் பல்கலைக்கழக நெறிமுறைக் குழு ஒப்புதல், பிறகு முகாமுக்குள் போக அரசு அனுமதி. இதைத் தலைகீழாகச் செய்தால் எடுத்த பதிவே ஆய்வேட்டில் செல்லாமல் போகலாம். கேட்க, மேற்கோள் காட்ட, காப்பகத்தில் வைக்க என்று சம்மதம் மூன்றையும் தனித்தனியாக வாங்குங்க. மன்னாரில் இன்னும் இருக்கும் சொந்தக்காரர் பெயரும் படகுக்காரர் பெயரும் எழுத்துப்படியில் வரக்கூடாது.

இன்னொன்று, ‘இனப்படுகொலை’ என்று நீங்களே எடுத்துக் கொடுக்காதீங்க. 1948 ஐ.நா. இனப்படுகொலை உடன்படிக்கைப்படி அழிக்கும் நோக்கம் நிறுவப்பட வேண்டும். படகில் வந்தவர் கண்டதைச் சொல்வார். நோக்கத்துக்கு உத்தரவுகளையும் திரும்பத் திரும்ப நடந்த விதத்தையும் நீங்கள்தான் தேடணும். அவர் தாமாக அந்தச் சொல்லைச் சொன்னால் அப்படியே பதியுங்க, எந்தக் கேள்விக்குப் பதிலாக வந்தது என்பதையும் சேர்த்து.